சருகு மேஸ்திரியின் சாக்கு

புதுச்சேரியில் யார் செத்தாலும் முதலில் சந்தோஷப்படுகிறவர் எங்கள் மில்லில் வேலை பார்த்த சருகு மேஸ்திரிதான் என்று நாங்கள் சொல்வோம். அவருக்கு யார்மேலும் விரோதம் இல்லை. சவ ஊர்வலத்தில் வீசுகிற பூ வேண்டும், அவ்வளவுதான். கடைசி ஆளாகச் சாக்கோடு வருவார். மாலைகளிலிருந்து மக்காத ஜரிகையைப் பிய்த்தெறிந்துவிட்டு, மிச்சத்தைச் சாக்கில் திணிப்பார்.

எல்லாம் அரியாங்குப்பத்தில் அவர் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் எருவாகப் புதைக்கத்தான். உதைத்தால் சாம்பலாய்ப் பறக்கும் மண். நிலத்துக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், எல்லோருக்கும் மிசியே.

"செத்த மண்ணுய்யா அது. மல்லாட்ட வெளையலன்னா மனை போட்டுடுவேன்" என்றார் மிசியே.

மேஸ்திரிக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்துக் கொல்லைக்காரர் காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்த வந்தால் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்வார். "என்னையும் சேத்துக் கொளுத்துய்யா!"

போகி விடியலில் கைவண்டியோடு தெருத்தெருவாகக் கத்துவார்: "கொளுத்தாதீங்கம்மா! பொகையா மேல போயிடும். பொதச்சா மண்ணுலயே கெடக்கும்!"

அப்படித்தான் கருவடிக்குப்பத்தில், தலைப்பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளைக்காக வாசலில் காயப்போட்டிருந்த புதுக் கோரைப்பாயை அள்ளிப் போய்விட்டார். வீட்டுக்கார அம்மா மில் வாசலுக்கே வந்தாள்.

"யோவ், எங்கய்யா பாயி?"

"மண்ணுக்குப் போயிடுச்சும்மா. நல்ல சாவு."

சில வருஷத்தில் மண் கறுத்தது. பிடித்தால் உருண்டையாக நின்றது. மிசியே கேட்ட வேர்க்கடலை கொத்துக்கொத்தாக வந்தது. மிசியே ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"உயிரு வந்துடுச்சே மேஸ்திரி!"

மேஸ்திரி அழுதுவிட்டார்.

மறுமாதம் மிசியே அந்த மேல்மண்ணை வெட்டிப் பங்களாத் தோட்டங்களுக்கு விற்றார். பள்ளத்தில் கிராவல் கொட்டி மனைக்கல் நட்டார். மேஸ்திரி சண்டை போடவில்லை. கடைசி லாரியின் பின்னாலேயே ஆற்றுப்பாலம் வரை நடந்து, சிந்திய கட்டிகளைச் சாக்கில் பொறுக்கி வந்து வீட்டுக் கொல்லையில் கொட்டினார். பிறகு எந்தச் சாவுக்கும் போகவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவரே போய்விட்டார். பாடையைத் தூக்கும்போது அவர் மனைவி என்னிடம் அந்தச் சாக்கை நீட்டினார்.

"பூவ ரோட்டுல மிதிபட உடாதீங்கண்ணே. அவுரு கோச்சுக்குவாரு."

தெருவில் நிமிர்ந்து நடக்கவே கூசுகிறவன் நான். அன்று ஊர் பார்க்கக் குனிந்து குனிந்து பொறுக்கினேன். யாரும் சிரிக்கவில்லை.

கொல்லையில் கிடந்த அந்தக் கறுப்பு மண்ணிலேயே பூவைப் புதைத்தேன். ஜரிகையை மறக்காமல் பிய்த்துவிட்டுத்தான்.