கொள்ளிடம் பாலத்தை நான் மூடிய கதை

கம்ப்யூட்டர் படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்தால், அந்த வீட்டு விசேஷத்துக்குத் தனியாகக் கண்திருஷ்டி தேவையில்லை. எங்கள் வீட்டில் அது நான்.

நிர்மலா அக்காவுக்கு நிச்சயதார்த்தம். ஸ்ரீரங்கத்தில் மண்டபம். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிப்பதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். சமையல் மாமாவுக்கு, பூ சித்திக்கு என்று ஆளுக்கொரு வேலை. என்னை நம்பி யாரும் எதையும் தரவில்லை (பழைய அனுபவம்). அந்த ரோஷத்தில், வருகிறவர்கள் வழி கேட்டால் வாட்ஸ்அப்பிலேயே பதில் சொல்லும் ஏஐ உதவியாளர் ஒன்றை நானே செய்தேன். அதற்கு அன்றாட நிலவரம் தெரியாதே என்று, இணையத்தில் தேடித் தரும் ஏபிஐ ஒன்றையும் இணைத்தேன். தேடினால் தலைப்பு, செய்தி, வெளியான தேதி எல்லாம் வந்து விழுந்தன. தேதி எதற்கு அடைசலாக என்று அதை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை உதவியாளருக்கு அனுப்பினேன். அதற்குச் சிக்கனம் என்று பெயர் வேறு வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் துறையூரிலிருந்து வேனில் கிளம்பினார்கள். மாப்பிள்ளையின் அப்பா, பையன் ஆசையாகச் செய்திருக்கிறானே என்று என் உதவியாளரிடம் வழி கேட்டிருக்கிறார். அதுவும் தேடிப் பார்த்து, "கொள்ளிடம் பாலத்தில் பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. முசிறி, குளித்தலை வழியாக வரவும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பணி எப்போதோ முடிந்துவிட்டது; தேதி இல்லாததால் பழைய செய்தி அதற்குப் புதிதாகத் தெரிந்திருக்கிறது. அன்று காலையில்கூட அதே பாலத்தில்தான் நான் பைக்கில் போய் வாழையிலை வாங்கி வந்திருந்தேன்.

ஒன்பதரைக்கு அப்பா போன் செய்தார்.

"சம்பந்தி, எங்க வரீங்க?"

"முசிறி தாண்டிட்டோங்க. பாலம் மூடியிருக்குன்னு உங்க பையனோட மிஷின்தான் சொல்லிச்சு."

அப்பா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாலத்த எப்படா மூடுன?"

நான் மணமகள் அறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நேரம் தவறினால் சம்பந்தமே தவறிவிடும் என்று அத்தை கண்ணைக் கசக்க ஆரம்பித்தார். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும்.

வேன் வந்தபோது பத்தே முக்கால். மாப்பிள்ளையின் அப்பா ஒரு முழு வாழைத்தாரோடு இறங்கினார்.

"முசிறி வரைக்கும் போயிட்டு வெறுங்கையோடவா வர்றது? எங்க அந்தத் தம்பி? அவருக்கு ரெண்டு பழம் குடுங்க."

மண்டபமே சிரித்தது. அந்தப் பழத்தைப்போல் இனிப்பான பழம் நான் அதற்கப்புறம் சாப்பிட்டதில்லை.

ராகுகாலம் முடியும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பெரியவர்கள் காபியும் அரசியலுமாக உட்கார்ந்துவிட்டார்கள். பெண் பார்த்த அன்று இரண்டு வார்த்தை மட்டுமே பேசியிருந்த அக்காவும் மாப்பிள்ளையும் சாப்பாட்டுக்கூடத்தின் கோடியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். பன்னிரண்டு அடித்ததும் தட்டு மாற்றினோம்.

இன்றும் துறையூரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் அக்காவின் மாமனார் எனக்குப் போன் செய்து, "தம்பி, பாலம் தொறந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அன்று அவ்வளவு நேரம் அப்படி என்னதான் பேசினீர்கள் என்று ஒருமுறை அக்காவிடம் கேட்டேன்.

"உன்னத்தான் திட்டுனோம். எங்க ரெண்டு பேருக்கும் மொதமொதல்ல ஒத்துப்போனது அதுலதான்."