வண்டி போகாத பாதை

"லாரியும் பஸ்ஸும் காரும் வராத ஒரு ரோட்டை எனக்குக் காட்டு. அன்னிக்கே சைக்கிளை எடுத்துக்கிட்டு உன் பின்னாலேயே வரேன். இது சத்தியம்!"

பல வருஷமாக மனைவி சைக்கிள் பயணத்துக்கு அழைக்கும்போதெல்லாம் இந்த ஒரு சத்தியத்தைக் குடையாகப் பிடித்துத்தான் அவர் நனையாமல் தப்பித்து வந்தார். அப்படி ஒரு ரோடு இருக்காது என்ற தைரியம்.

ஆபீஸில் அவருக்குப் பேர் 'ஜாக்கிரதை'. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் பிரிவு. யார் எதில் விழுந்தார்கள், எது யார் மேல் விழுந்தது என்று காலை முதல் மாலை வரை படிப்பதுதான் உத்தியோகம். படித்துப் படித்து மனுஷர் வாழைப்பழத்தைக்கூட வீட்டுக்கு வாங்கி வருவதில்லை. தோல் வழுக்கும்.

வாய்த்த மனைவியோ பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். "மிஸ், வயித்து வலி", "மிஸ், கால் சுளுக்கு" என்று பிள்ளைகள் சொல்வதை இருபது வருஷமாகக் கேட்டவர். எந்தச் சாக்கில் எங்கே ஓட்டை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சாப்பாட்டு மேசை மேல் ஒரு வரைபடத்தை விரித்தார்.

"இதோ நீங்க கேட்ட ரோடு."

"என்ன இது, பச்சைக் கோடு?"

"பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துட்டு சைக்கிளுக்குன்னே விட்டுட்டாங்க. வயல், ஓடை, காடு, மூணு நாள் பாதை. ஸ்கூட்டர்கூட நுழைய முடியாது. கல் தூண் நட்டு வெச்சிருக்காங்க."

"திடீர்னு ரயில் வந்துட்டா?"

"தண்டவாளம் இல்லாம ரயில் எப்படிங்க வரும்?"

"எங்க ஆபீஸ்ல அப்படித்தான் ஒரு கேஸ்..."

"என்னங்க." டீச்சர் குரல் சட்டென்று இறங்கியது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்க போனாலும் தனியாத்தான் போறேன். ஒரு தடவை என்கூட வாங்களேன்."

விசில் ஊதியிருந்தால் சமாளித்திருப்பார். இப்படிக் கேட்டதும் மனுஷர் இளகிவிட்டார். ஆனாலும் பயம் பாசத்தை விட ஒரு படி மேலேதான் உட்கார்ந்திருந்தது.

"சரி, வரேன். ஆனா முதல் நாள் பாதையை முடிக்க முடியாம ஏதாவது தடங்கல் வந்துட்டா, அதோட வீடு. அப்புறம் சைக்கிள்னு வாயைத் திறக்கக் கூடாது."

"முடிச்சுட்டா?"

"மூணு நாளும் வரேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் என்னிக்கு மாறியிருக்கேன்?"

தடங்கல் தானாக வராது, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும் என்பது ஜாக்கிரதைக்குத் தெரியும். வரைபடத்தைத் தடவிப் பார்த்தார். காடு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு தார் ரோடு பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. வண்டி வரக்கூடிய கடைசி இடம். அங்கே டயரில் காற்று போக வேண்டும். அங்கே ஒரு டாக்சி நிற்க வேண்டும். எதிர்வீட்டு டாக்சிக்காரரின் காதைக் கடித்து ஏற்பாடு செய்தார். காற்றடிக்கும் பம்ப்பை அலமாரியில் தன் மழைக்கோட்டின் கைக்குள் செருகினார். கிளம்புகிற அன்று விடியற்காலையில், டீச்சர் குளிக்கப் போன நேரம் பார்த்து, தன் சைக்கிளின் முன் டயர் வால்வைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்து பல் தேய்த்தார்.

பாதை என்னவோ அருமையான பாதைதான். இரண்டு பக்கமும் வயல். ஓடை கூடவே ஓடி வந்தது. டீச்சர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு முன்னால் போனார். ஜாக்கிரதை பின்னால், இரண்டு பிரேக்கையும் பாதி பிடித்தபடியே மிதித்தார். கண் முழுக்க முன் டயர் மேல்.

தார் ரோடு வந்தது. டயர் கல்லு மாதிரி இருந்தது. ஜாக்கிரதை இறங்கி, முன் சக்கரத்தைத் தூக்கித் தொப்பு தொப்பென்று போட்டுப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"சும்மா. கைக்குப் பயிற்சி."

டாக்சியையும் காணோம். 'படுபாவி, கவுத்துட்டானே!' என்று மனசுக்குள் அலறிக்கொண்டே காட்டுக்குள் நுழைந்தார்.

நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. சத்தம் அடியோடு நின்றுபோனது. வாழ்நாளெல்லாம் ஹாரன் சத்தத்தைத் திட்டியவர், ஒரே ஒரு ஹாரன் கேட்டால் போதும் என்று ஏங்கினார். நடுக்காட்டுக்கு வந்த பிறகுதான் அவர் டயர் அவரைப் பழிவாங்கியது. புஸ்ஸ்ஸ்.

"அடடா!" என்றார் டீச்சர். "பம்ப்பையும் காணோமே. டாக்சிக்காரரைக் கூப்பிட்டுப் பாருங்களேன்."

போன் போட்டார். எடுத்ததும் அந்தப் பக்கம் சிரிப்பு. "சார், அது வண்டி போகாத பாதையாச்சே! அதுக்குத்தானே டீச்சர் தேடிப் பிடிச்சாங்க? வேணும்னா இன்னிக்குப் பாதை முடியற இடத்துல நிக்கிறேன்."

"திரும்பிப் போயிடலாமா?"

"போனாலும் இதே தூரம்தாங்க. நீங்க மெதுவா தள்ளிட்டு வாங்க. முன்னாடி யார்கிட்டயாவது பம்ப் இருக்கான்னு பார்க்கறேன்." மறுப்பதற்குள் டீச்சர் வளைவில் மறைந்தார்.

ஜாக்கிரதை தள்ளினார். வளைவு போனது, இன்னொரு வளைவும் போனது. டீச்சரைக் காணோம். அப்போதுதான் பின்னால் கேட்டது.

களக்... களக்... களக்.

எதையோ விழுங்குகிற சத்தம். நின்றார். அதுவும் நின்றது. நாலடி நடந்தார். களக். திரும்பிப் பார்க்கலாம்தான். திரும்பிப் பார்த்தவர்களின் கேஸ் எல்லாம் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறதே!

"ஏம்மா!" என்று முன்னால் பார்த்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. "டீச்சர்!" என்றும் கூப்பிட்டுப் பார்த்தார். மரியாதைக்கும் பதில் இல்லை.

காற்றில்லாத சக்கரத்தோடு சைக்கிள் மேல் தாவி ஏறினார். இரண்டு பிரேக்கையும் விட்டார். பிறந்ததிலிருந்து அவர் அப்படி மிதித்ததில்லை. டங்கு டங்கென்று எலும்பெல்லாம் குலுங்க, களக் களக் என்று அது பின்னாலேயே துரத்த, கடைசியில் கல் தூண்களைத் தாண்டி வெயிலில் வந்து விழுந்தார். எதிரே டாக்சி நின்றது. டாக்சிக்காரர் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர் எங்கே?"

"இன்னும் வரலையே சார்."

ஜாக்கிரதை காட்டைத் திரும்பிப் பார்த்தார். வழியில் அவர் யாரையும் தாண்டவில்லை. பின்னால் இருந்தது அந்தச் சத்தம் மட்டும்தான். அப்போது அவருக்கு எந்தக் கேஸும் ஞாபகம் வரவில்லை. 'ஒரு தடவை என்கூட வாங்களேன்' என்ற குரல்தான் வந்தது. வந்தும் என்ன செய்தோம்? பம்ப்பை ஒளித்தோம்! அழுகை முட்டியது. சைக்கிளைக் காட்டுப் பக்கம் திருப்பினார்.

"சார், டயர்ல காத்தே இல்லை!"

"காத்து கிடக்குது! அவ உள்ள இருக்கா!"

கல் தூணைத் தாண்டியிருப்பார். எதிரே களக் களக் என்று டீச்சர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சத்தம் தண்ணீர் பாட்டிலிலிருந்து வந்தது. பாதி தண்ணீர்.

"நீ... நீ முன்னாடி போனியே?"

"மரத்துக்குப் பின்னாடி நின்னு உங்களை முன்னால விட்டுட்டு, பின்னாலேயே வந்தேன். உங்களைத் தனியா விடுவேனா?"

"கூப்பிட்டேனே, பதில் சொல்லக் கூடாது?"

"சொல்லியிருந்தா நின்னிருப்பீங்க. பயந்த பிள்ளைங்க ஓடறப்ப நான் விசில் ஊதறதில்லை. என்னா வேகம்!" என்றவர், அவர் கண்ணைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "என்னைத் தேடியா திரும்பி வந்தீங்க?"

ஜாக்கிரதை மூக்கை உறிஞ்சினார். டீச்சர் தன் பையிலிருந்து பம்ப்பை எடுத்து அவர் டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார்.

"அது... மழைக்கோட்டுல..."

"இருபது வருஷமா ஒளிச்சு வெச்ச பந்தைக் கண்டுபிடிக்கறவ நான். காலையில முன் டயர் அமுங்கிச்சு. நல்லா அடிச்சேன். அதான் தார் ரோட்டைத் தாண்டியும் தாங்கிச்சு."

ஜாக்கிரதை டாக்சிக்காரரை முறைத்தார். டாக்சிக்காரர் வேர்க்கடலையை ஆராய்ந்தார். "டீச்சர்தான் சார் இங்க வந்து நிக்கச் சொன்னாங்க. என் பொண்ணுக்கு அவங்கதானே ஓட்டப் பயிற்சி."

அவர் சொல்லிக்கொண்டே சைக்கிள்களில் கட்டியிருந்த பைகளைத் தூக்கி டாக்சியில் வைத்தார். ஜாக்கிரதையின் முகம் மலர்ந்தது. "வீட்டுக்குத்தானே?"

"அடுத்த ஊர் லாட்ஜுக்கு" என்றார் டீச்சர். "நீங்க பிடிச்சு வெச்ச வண்டியை வீணாக்குவானேன்? மூணு நாளும் மூட்டை அதுல, நாம சைக்கிள்ல. முதல் நாள் பாதையை முடிச்சுட்டீங்க, அதுவும் காத்தே இல்லாம."

ஜாக்கிரதை சைக்கிளைக் கல் தூணில் சாய்த்தார். கடைசியாக ஒன்றை மட்டும் கேட்டார்.

"நாளைக்கும் காடா?"

"சேச்சே. நாளைக்கு ஒரு மரம்கூடக் கிடையாது."

அப்பாடா என்று மூச்சு விட்டார் ஜாக்கிரதை. டீச்சர் பம்ப்பைப் பைக்குள் போட்டு மூடினார்.

"ரயில் போன பாதையாச்சேங்க. நாளைக்குப் பூராவும் மலையைக் குடைஞ்ச குகைதான்."