பட்டனக்காவும் ஒரு பவழ மோதிரமும்

இந்தப் பூமியில் கல்லுக்கு வலிக்குமே என்று கவலைப்பட்ட ஒரே ஜீவன் பட்டனக்காதான். மனிதர்களுக்கு வலித்தால் அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டார். ஒருமுறை என் கால் கட்டைவிரல் மேல் கல்மூட்டை விழுந்தது. ஓடி வந்தவர் மூட்டையைப் பிரித்துப் பார்த்து, "நல்லவேளைங்ண்ணா, ஒண்ணும் ஒடையலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரை நான் அக்கா என்பேன். எனக்கு அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட. அவர் என்னை அண்ணா என்பார். ஷெட்டுக்கு வருகிறவர்கள் யார் பெரியவர் என்று புரியாமல் இருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. பல்லடம் ரோட்டு டீக்கடையில் பட்டனக்கா ஷெட் என்று கேட்டால் வழி சொல்வார்கள், அவ்வளவுதான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் மழை. எட்டாவதோடு படிப்பை விட்டவன். வால்பாறையில் தேயிலை மூட்டை தூக்கினேன், சத்தியமங்கலத்தில் வாழைத்தார் ஏற்றினேன், நடுவில் ஒரு பரோட்டாக் கடையில் சம்பளத்துக்குப் பதில் பரோட்டாவே கொடுத்தார்கள். அங்கிருந்து லாரி ஏறி வந்து, டிரைவர் இறக்கிவிட்ட இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. எதிரே ஒரு தகர ஷெட். உள்ளே ஒரு பெண்.

"வேலை ஏதாச்சும் இருக்குங்களா?"

"கண்ணு நல்லாத் தெரியுமுங்களா?"

"தெரியுங்க."

"அப்ப உக்காருங்ண்ணா."

முன்னால் ஒரு சாக்கைக் கொட்டினார். அத்தனையும் சட்டைப் பட்டன். திருப்பூர் கம்பெனிகளில் கழித்துப் போட்டவை. பிளாஸ்டிக் பட்டன் இந்தப் பக்கம், இரும்புப் பட்டன் அந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும். இது பட்டன் கம்பெனி என்று நினைத்து சந்தோஷமாகப் பிரித்தேன். மூலையில் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்த இரண்டு ட்ரம்களும் துணி துவைக்கிற மெஷின் என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அக்கா ஒரு ட்ரம்மைத் திறந்து, நான் பிரித்த பிளாஸ்டிக் பட்டனைக் கொட்டி, அதன் மேல் இரண்டு கை கல்லை அள்ளி வைத்தார். அரிசியில் கல் கலப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பட்டனில் கல் கலப்பதை அன்றுதான் பார்த்தேன். போலீஸ் வருமோ என்று அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது, அல்லது புரிந்த மாதிரி இருந்தது. அலங்காரத்துக்கு வைக்கிற கற்களை ட்ரம்மில் தண்ணீரும் சாணைப் பொடியும் சேர்த்து நாள்கணக்கில் உருட்டுவார்கள். ஒன்றோடொன்று உரசி வழவழப்பாகும். கெட்டிக் கல்லுக்கு அது போதும். மென்மையான கல்லை அப்படி உருட்டினால் விளிம்பு உடைந்து, கடைசியில் மாவுதான் மிஞ்சும். அதற்குத்தான் நடுவில் பட்டன். பட்டன் அடியை வாங்கிக்கொள்ளும், கல் தப்பிக்கும்.

கற்களில் அக்கா பார்த்தது இரண்டே ஜாதி. இளசு, முத்தல். வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற மாதிரி, எந்தக் கல்லைக் கண்டாலும் ஓர் ஆணியால் கீறிப் பார்ப்பார். ஆணி ஏறினால் இளசு. ஏறாவிட்டால் முத்தல். இளசும் முத்தலும் ஒரே ட்ரம்மில் ஏறவே கூடாது. இந்தப் பழக்கம் ஷெட்டோடு நிற்கவில்லை. ஷெட்டுக்குச் சொந்தக்காரரான மொதலாளி புது வீடு கட்டிக் குடிபோனபோது பந்தியில் உட்கார்ந்திருந்த அக்கா இலைக்குப் பக்கத்தில் தரையைக் கீறிப் பார்த்துவிட்டு, பரிமாற வந்த மொதலாளியிடம் சத்தமாகச் சொன்னார்: "கிரானைட்டுன்னு உங்களை ஏமாத்திப்போட்டாங்க மொதலாளி. இது இளசுங்க." அப்புறம் அவர் இலைக்கு ரசம் வரவில்லை.

மனிதர்களிடம் விறைப்பாக இருப்பவர் கற்களிடம் குழைந்துவிடுவார். "ஏனுங்க, சித்தத் தள்ளி உக்காருங்க. இவிய பாவம், மூலையில ஒடைஞ்சிருக்காங்க" என்று ஒரு கல்லிடம் இன்னொரு கல்லுக்காகக் கேட்பார். மேடுபள்ளமான கல் என்றால் பல் விளக்குகிற பிரஷ் எடுத்துப் பள்ளம் பள்ளமாகத் தேய்ப்பார். பள்ளத்தில் பழைய பொடி உட்கார்ந்திருந்தால் அடுத்த ஓட்டத்தில் வெளியே வந்து பக்கத்துக் கல்லைக் கீறிவிடுமாம். காய்ந்த கல்லைத் தட்டினால் கத்துவார். "தூசி நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராதுங்ண்ணா. நனைங்க. மூஞ்சியைக் கட்டுங்க." ட்ரம்மில் மிஞ்சுகிற சேற்றைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பது இன்னொரு சட்டம். மொதலாளி அதைக் கேட்காமல் ஒருநாள் தன் வீட்டு வாசல் குழாயில் ஊற்றிவிட்டார். அது சிமெண்ட் மாதிரி இறுகி, குழாயையே உடைத்து எடுத்தார்கள்.

மொதலாளி கோழிப்பண்ணைக்காரர். ட்ரம் ஓட்டம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிபடவில்லை. கோழி என்றால் தின்னும், வளரும். கல் தின்னவும் இல்லை, சின்னதாகிக்கொண்டே வேறு போகிறது. ஒருநாள் சொல்லிவிட்டார்.

"அம்மணி, கோட்டைமேட்டுல கல்லு விக்கிற பாய் ஒரு மூட்டை குடுத்திருக்காரு. ரெண்டு மூணு எடத்துல குடுத்து மாவாத்தான் வந்துச்சாம். நீ சரியாப் பண்ணிக் குடுத்தா அவரு வேலை பூராவும் நமக்கு. இல்லீன்னா ட்ரம்மை எடைக்குப் போட்டுட்டு ஷெட்டுல கோழி உட்டுருவேன்."

"ஆகட்டுங்க" என்றார் அக்கா. குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அன்று மத்தியானம் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டார். அக்காவுக்கு அந்த ட்ரம்களை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. எனக்காவது ஊர் சுற்றத் தெரியும்.

கற்கள் பச்சையும் ஊதாவும் கலந்து கண்ணாடி மாதிரி இருந்தன. ஆணி வைத்ததுமே ஏறியது. அத்தனையும் இளசு, அத்தனையும் கோணல். அக்கா முதலில் ட்ரம்மில் வெறும் பட்டனைப் போட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டினார்.

"கல்லே போடலியேக்கா?"

"பட்டன் மொதல்ல பழகட்டுங்ண்ணா."

எனக்குத் தலை சுற்றியது. பட்டன் விளிம்பு மழுங்கிப் பழகியது. பிறகு கற்கள் ஒவ்வொன்றாக, கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி உள்ளே போயின. நாள்கள் ஓடின. பொடி மாறியது. கடைசி ஓட்டத்துக்குப் பளபளப்புப் பொடியோடு சோப்பைச் சீவிப் போட்டார். கல்லைக் குளிப்பாட்டுவதா, துவைப்பதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் குழம்பும்.

மொதலாளி தினமும் வந்து ட்ரம்மைத் திறக்கச் சொல்லி, சோப்பு நுரைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுப் போவார். பாய் வரவேண்டிய நாளைக்கு முந்தின நாளும் துழாவிவிட்டு, என்னை டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். நுரை அடங்கும் வரை இரண்டு மூன்று மணி நேரம் ட்ரம் ஓடியது. அக்கா திடீரென்று தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

"ஏதோ இரும்பு ஓடுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா மோட்டாரை அணைத்துவிட்டார்.

"ஏம்மணி, நாளைக்குப் பாய் வாராரு, ஓடறதைப் போய் நிறுத்தறே?" என்று மொதலாளி எழுந்தார்.

"இரும்புப் பட்டன் ஒண்ணு உள்ள போயிருச்சுங்க. வுட்டா எல்லாத்தையும் கீறிப்போடும்."

"ஒரு பட்டனுக்கா?"

அக்கா நனைந்த சாக்கின் மேல் ட்ரம்மைச் சரித்தார். நுரை, பட்டன், கல் எல்லாம் வழிந்தது. மூவரும் மண்டியிட்டுத் துழாவினோம். நான்தான் பட்டன் பிரித்தவன் என்பதால் மொதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கடைசியில் நுரைக்குள் இருந்து எதையோ எடுத்துத் தண்ணீரில் அலசி உயர்த்திப் பிடித்தார். தங்க மோதிரம். நடுவில் ஒரு பவழம், சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி மங்கிப்போய்.

மொதலாளி தன் விரலைப் பார்த்தார். கோழிப்பண்ணைக்குச் சீக்கு வராமல் இருக்க ஜோசியர் போடச் சொன்ன மோதிரம், துழாவியபோது சோப்பில் நழுவியிருக்கிறது.

அக்கா ஆணியை எடுத்தார். "கீறாத" என்றார் மொதலாளி. அதற்குள் கீறியாகிவிட்டது.

"உங்க கல்லு பாயி கல்லைவிட இளசுங்க. அதான் இது தேஞ்சிருச்சு, அது தப்பிச்சிருச்சு."

மொதலாளி மோதிரத்தை வேட்டியில் துடைத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊட்ல கேப்பாங்க அம்மணி. இதைப் பழையபடி மினுக்கிக் குடுத்துருவியா?" என்றார்.

"குடுக்கலாமுங்க. தனியா ஓட்டோணும். ட்ரம் வேணும்."

"எத்தனை நாளாகும்?"

"அதைக் கல்லுதானுங்களே சொல்லோணும்."

மறுநாள் பாய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். மாவாகத்தான் இருக்கும் என்று நினைத்து டப்பா கொண்டுவந்தாராம். கற்களைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றிரண்டில் பள்ளம் பள்ளமாகவே இருந்தது, ஆனால் பள்ளத்துக்குள்ளும் மினுங்கியது. வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க தங்கச்சி. ஆகட்டும், பார்த்துச் சொல்றனுங்க" என்று கற்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அது சரி என்பதா, இல்லை என்பதா? கோயம்புத்தூர்ப் பக்கம் இதற்கு அர்த்தம் சொல்ல யாராலும் முடியாது. மொதலாளி ஒரு வாரம் யோசித்துக் குழம்பினார். கோழிக்குஞ்சுக்கு ஆர்டர் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஷெட்டுக்கு வந்து நிற்பார். ட்ரம்மைப் பார்ப்பார். தன் வெறும் விரலைப் பார்ப்பார். வீட்டில் மோதிரம் கோயில் பூஜையில் இருப்பதாகச் சொல்லியிருந்தாராம்.

"ஆயிருச்சா அம்மணி?"

"இன்னும் ஆகலைங்க."

"சரி, அதுவரைக்கும் ட்ரம் ஓடட்டும்."

அந்தப் பவழம் எப்போதோ ஆகிவிட்டது. அக்காவின் சோற்றுத் தூக்குப்போசியின் மேல்தட்டில், பனியன் துணியின் மேல், ரத்தத்துளி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்ததை ஊறுகாய் எடுக்கப்போன நான் பார்த்தேன். நான் பார்த்ததை அக்காவும் பார்த்தார். இருவரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தோம்.

கொஞ்ச நாளில் எனக்குக் கால் அரித்தது. தாராபுரம் போகிற ஒரு லாரியில் ஏறிவிட்டேன். இப்போது எந்த ஊரில் இருந்தாலும், ஒரு கோயிலைத் தாண்டும்போது எனக்கென்று கேட்க ஒன்றும் தோன்றுவதில்லை. அந்தப் பவழம் இன்னும் ஆகாமலே இருக்கட்டும் சாமி என்று மட்டும் கேட்டுவிட்டு நடக்கிறேன்.