நான் வாயடைத்த டிபக்கர்

பொய் சொல்பவரைக்கூடச் சகித்துக்கொள்வேன். ஒரே பொய்யைத் தினமும் சொல்பவரைச் சகிக்க மாட்டேன். அதனால்தான் என் டிபக்கரின் வாயைக் கட்டினேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை. (வருந்தியது ஒரே ஒரு நாள், கருமத்தம்பட்டியில்.)

ஓடுகிற மென்பொருள் எந்த வரியில் இடறுகிறது என்று காட்டும் கருவிதான் டிபக்கர். அந்த வரி விவரங்களைத் தனிக் கோப்பில் வைத்திருப்போம். அதைத் திறக்கும்போதெல்லாம் டிபக்கர், "இந்தக் கோப்பில் நிரல் இல்லை" என்று எச்சரிக்கும். எப்படி இருக்கும்? அது விவரக் கோப்பு. சாம்பார்ச் சட்டியைத் திறந்துவிட்டுச் சோற்றைக் காணோமே என்று அலறுவது மாதிரி. அந்த ஓர் எச்சரிக்கையை மட்டும் தடுக்க நாலு வரி எழுத வேண்டும். எல்லாவற்றையும் தடுக்க ஒரே வரி போதும். நான் சிக்கனக்காரன்.

அந்த வாரமே கருமத்தம்பட்டியில் குப்புசாமி என்பவரின் தறிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சோதனைக்கு ஒரு தறியில் மாட்டியிருந்தார். ஒழுங்காக ஓடினால் மற்ற இருபது தறிகளுக்கும் வாங்குவார். அதுவோ, அறாத நூலை அறுந்ததாக நினைத்து நின்று நின்று ஓடியது.

மடிக்கணினியை இணைத்தேன். டிபக்கர் மூச்சுவிடவில்லை. நூல் அறுந்ததா என்று சென்சாரைக் கேட்கும் வரியைக் காட்டியது.

"உங்க சென்சார்தாங்க கோளாறு," என்றேன், ஆபரேஷன் முடித்து வெளியே வரும் டாக்டரின் தோரணையில்.

"போன வாரந்தான் புதுசு போட்டனுங்க."

"புதுசுலயும் கோளாறு வருமுங்க."

வேறு மாட்டினார். தறி நின்றது. பக்கத்துத் தறியின் சென்சாரைக் கழற்றி மாட்டினார். அப்போதும் நின்றது. ஆக, இரண்டு தறிகள் நின்றன. (வளர்ச்சிதான்.)

ஆபீசில் என்னோடு வேலை செய்யும் சரண்யாவைப் போனில் பிடித்தேன். குப்புசாமிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டேன்.

"சார், பொட்டிக்குப் புது வெர்ஷன் போட்டமே, அதோட விவர ஃபைல்தானுங்களா கொண்டு போனீங்க? பழசுன்னா வரி மாறிக் காட்டுமே, பொருந்தலைன்னு டிபக்கரே சொல்லியிருக்குமே?"

"அது எதையும் சொல்லாதுங்க. நான் நிறுத்திப்போட்டேன்."

சரண்யா சரியான கோப்பை அனுப்பினார். டிபக்கர் இம்முறை வேறொரு வரியைக் காட்டியது. நான் எழுதிய வரி. திருத்தினேன். மாலைவரை தறி நிற்கவில்லை.

"ஏனுங்க சார்," என்றார் குப்புசாமி, "அது முன்னாலயே சொல்ல வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

"நீங்கதான் சொல்ல உடலீங்களா?"

"அப்படியில்லீங்க, அதுல ஒரு எச்சரிக்கை பொய்யிங்க..."

"பொட்டி இருபதும் அனுப்பிப்போடுங்க. மாட்டறதுக்கு மட்டும் அந்த அம்மணிய வரச் சொல்லுங்க."

இப்போது அந்த நாலு வரியை எழுதிவிட்டேன். பொய் மட்டும் வாய் திறப்பதில்லை. ஆனால் சிங்காநல்லூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மனைவியின் பக்கத்து இலை குப்புசாமிக்கு வாய்த்தது. ரசம் வருவதற்குள் முழுக் கதையையும் சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, மின்சாரமே போனாலும் சரி, "சென்சாரா இருக்குமுங்கப்பா," என்கிறாள் மகள்.

அந்த முதல் எச்சரிக்கை பொய்தான் என்பதை அன்று பந்தியிலேயே ஆதியோடந்தமாக விளக்க ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள்.