தாடிக்காரர் மாடி இறங்கிய நாள்

தெய்வங்களை ஓரிடத்தில் நிம்மதியாக நிற்கவிடாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கொச்சியில், கொச்சங்காடியில், என் தலைக்கு நேர்மேலே, மாடியில் குடியிருக்கிறார்.

அவரைச் சிலை அண்ணாச்சி என்போம். பழம்பொருள் கடையில் சிலைகளைப் பெட்டியில் கட்டும் வேலை. அங்கே விற்பதெல்லாம் பழசு மாதிரி செய்த புதுசு. கட்டும்போது மூக்கோ விரலோ உடைந்தால் அந்தச் சிலை அண்ணாச்சிக்கே. இப்படியே மோகினி, துவாரபாலகர், இறக்கை வைத்த கிரேக்கப் பெண்கள் என எல்லோரும் ஆளுக்கொரு குறையோடு அந்த ரெண்டு அறையில் குடியேறினார்கள். துவாரபாலகரின் கதாயுதத்தில் அண்ணாச்சியின் மனைவி செல்வி அக்கா சேலை உலர்த்துவார்.

எதை எங்கே வைத்தாலும் அண்ணாச்சிக்கு மனசு ஆறாது. "தம்பி, ஒரு கை பிடிங்க" என்பார். மோகினி ஜன்னலுக்குப் போவாள். சாயா ஆறுவதற்குள், "மூஞ்சில வெளிச்சம் விழல்லியே" என்று அடுப்பங்கரைக்குப் போவாள். என் இடுப்பு போனது இப்படித்தான். மறுக்கலாம், ஆனால் அக்கா மீன்குழம்புக்காரி, நான் தின்னிப்பண்டாரம்.

ஒருநாள் சூலமும் தாடியுமாக ஒருவர் வந்தார். கிரேக்கக் கடல் தெய்வமாம். முழுக்க சிமெண்ட். அண்ணாச்சி வேலைக்குப் போன நேரம் அக்கா அவருக்குத் திருநீற்றுப் பட்டை போட்டு விளக்கேற்றிவிட்டார்.

"ஏட்டி, அது நம்ம சாமி இல்லட்டி" என்றார் வேலைவிட்டு வந்த அண்ணாச்சி.

"சூலம் வச்சிருக்காருல்லா? வெளக்கு வச்ச சாமிய இனி அசைக்கப்படாது."

அண்ணாச்சி தவித்துப்போனார். தாடிக்காரரை நகர்த்த முடியாத ஏக்கத்தில் மற்றவர்களை ரெட்டிப்பாக நகர்த்தினார். கடைசியில் தாடிக்காரருக்குக் கீழே தளம் விரிசல் விட்டு, என் சோற்றுத் தட்டில் காரை உதிர்ந்தது.

வீட்டுக்காரர், நாங்கள் இக்கா என்றழைக்கும் மலையாளி, வந்து அண்ணாந்து பார்த்தார். "அண்ணாச்சீ, தாடிக்காரன் இன்னைக்கு எறங்கணும். இல்லெங்கில் நிங்ஙள் எறங்கணும்."

அக்கா அசையவில்லை. அண்ணாச்சி முதல்முறையாக உட்கார்ந்தார். "இத்தன பேரோட எவன் தம்பி நமக்கு வீடு தருவான்?"

அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "அக்கா, ஊர்ல திருவிழான்னா சாமி கோயிலை விட்டு எறங்கத்தானே செய்யுது?"

அக்கா யோசித்தார். "பொறப்பாடுன்னா சரி. ஆனா கொட்டு வேணும், கொடை வேணும்."

கிட்டங்கியிலிருந்து மூட்டை தூக்கும் ரெண்டு சுமட்டுக்காரச் சேட்டன்கள் வந்தார்கள். அக்கா தட்டில் கரண்டியால் கொட்ட, நாங்கள் நாலுபேரும் தாடிக்காரரைத் தூக்கிப் படியிறங்கினோம். வெளியே மழை. இக்கா தன் குடையை விரித்துச் சூலத்துக்கு மேலே பிடித்தார். "சாமி நனையண்டா. வேகம் நடக்கூ."

கீழே வந்ததும் எங்கே வைப்பதென்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் என் கதவைப் பார்த்தார்கள்.

இப்போது அவர் என் கட்டிலோரம் நிற்கிறார். அக்கா விளக்கு வைத்துவிட்டுப் போவார். பின்னாலேயே அண்ணாச்சி வந்து, அக்கா பார்க்காத நேரம் பார்த்து, அவரை ஒரு விரற்கடை இடப்பக்கம் திருப்புவார். வேலைக்குப் போகும்போது நான் கதவைப் பூட்டுவதில்லை.