ஏழாவது இன்னிங்ஸில் நீண்ட இடது கை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். உங்கள் மைத்துனி நலமில்லை, காரணம் நீங்கள்.

நேற்றைய சாஃப்ட்பால் ஆட்டத்தில் நீங்கள்தான் நடுவர். சின்னவள் ஆறு இன்னிங்ஸ் முழுக்க வீசினாள், எண்பத்துநாலு பந்து, குறித்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்காவது வாயைத் திறந்தீர்களா? கடைசி இன்னிங்ஸான ஏழாவதில், ஆட்டம் சமநிலையில், மூன்று தளத்திலும் எதிரணி ஆள் நிற்க, இன்னொரு தப்புப் பந்து விழுந்தால் தோல்வி என்ற நேரம் பார்த்து இடது கையை நீட்டினீர்கள். வீசுபவள் நிற்கிற பலகையிலிருந்து துள்ளி, முன்னால் மறுபடி காலை ஊன்றி வீசினாளாம்; செல்லாத வீச்சாம். எதிரணிப் பெண் மட்டையைக்கூட அசைக்காமல் ஜெயித்துவிட்டாள். இவள் சனிக்கிழமை ஆட்டத்தில் வீசவே மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேட்டதற்கு, "மொதல்லேர்ந்தே பாத்தேன் மாமா, சொன்னா வீட்ல பிரச்சினை வரும்னு விட்டேன்" என்றீர்கள். இப்போது மட்டும் என்ன வந்ததாம்? முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசு தப்பென்றால் கடை திறந்ததுமே பிடிப்பேன். எல்லோரும் வாங்கிப் போனபின் கடைசி ஆளின் பையைப் பிடுங்க மாட்டேன். முதல் பந்திலேயே சொல்லியிருந்தால் பிள்ளை இரண்டாவதில் திருத்திக்கொண்டிருப்பாள். பார்த்ததும் சொல்பவர் நடுவர். நேரம் பார்த்துச் சொல்பவர் சொந்தக்காரர்.

"மாப்பிள்ளைக்கு இப்படியா எழுதுவாங்க" என்கிறாள் உங்கள் மாமியார். அவளுக்குச் சொன்னேன்: நான் என்ன கெட்ட வார்த்தையா எழுதுறேன்? நாலு வருஷமா தினமும் சாயங்காலம் கொல்லையில முக்காலி போட்டு உக்காந்து அவ பந்தைப் பிடிச்சவன் நான், வெரலு கோணிப் போயிருக்கு, அவ வீசுறது எனக்குத் தெரியாதா, இவருக்குத்தான் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மூத்தவள் மட்டும் வந்தால் போதும்.

இருவரும் நீடூழி வாழ ஆசீர்வாதம். அது மாப்பிள்ளைக்கு, நடுவருக்கு இல்லை.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுமுன், உங்கள் தப்பை நிரூபிக்கவென்று சின்னவளைக் கெஞ்சிக் கொல்லையில் வீசச் சொன்னேன். முக்காலியில் உட்காராமல் இந்த முறை பக்கவாட்டில் நின்றேன். அவள் பலகைக்கு முன்னால், ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால். துள்ளி அதைத் தாண்டி, அந்தப் பக்கம் காலை ஊன்றித்தான் வீசுகிறாள். பலகையை அங்கே பதித்தது நான்.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையேப்பா."

பலகையை இடம் மாற்றிவிட்டேன். கடிதம் கண்ட அன்றே சாயங்காலம் மூத்தவளோடு நீங்களும் வாருங்கள். பக்கவாட்டில் நின்று, முதல் பந்திலேயே கையை நீட்ட ஒரு ஆள் வேண்டும்.