குளிரில் ஒதுங்கிய நொதி

சேகெத், டிசம்பர் 6

மதிப்பிற்குரிய ஜொம்போர் அத்தானுக்கு, மைத்துனன் ஏதன் எழுதுவது. இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்பது முறை, ஆகவே கேட்கிறேன்.

பதினோரு கிறிஸ்துமஸாக உங்கள் வீட்டு மேசையில் நான் உட்காராததன் காரணம் உங்களுக்குத் தெரியும். எதெல்கா அக்காவும் இதைப் படிப்பாள் என்பதால் அவளுக்குப் புரியும்படி சொல்கிறேன்: செல்லுக்குள் டிஎன்ஏ இழை அறுந்தால், ஒரு கைனேஸ் நொதி முதல் ஆளாக ஓடிப்போய், பாஸ்பேட் அடையாளம் குத்தி, பழுதுபார்க்கும் புரதங்களைக் கூவி அழைக்கும். அது இல்லாமல் பழுதுபார்ப்பு நடக்காது என்பது உங்கள் கட்சி. நான் அந்த நொதியை மருந்தால் முடக்கிப் பார்த்தேன்; கோடையில் பழுதுபார்ப்பு நின்றது, குளிர்காலத்தில் ஜோராக நடந்தது, அப்படியானால் குளிரில் அந்த நொதியே தேவையில்லை என்று உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மீன் சூப்பின்போது சொன்னேன். "ஏன் மச்சான், உன் செல்லெல்லாம் பனிக்காலத்துல கம்பளியப் போத்திக்கிட்டுத் தானே தச்சுக்குமோ?" என்று கேட்டீர்கள். கரண்டியை வைத்தேன், கிளம்பினேன்.

நேற்று முன்தினம் எங்கள் ஆய்வக உதவியாளர் பொர்பாலாவின் பெயர் நாள், அதாவது நாட்காட்டியில் அவள் பெயருக்கென்று குறித்த நாள். பெயர் நாள்காரர்தான் எல்லோருக்கும் கேக் தரவேண்டும், பெரிய மேசையோ என் அறையில், ஆகவே பதினைந்து பேர் கசகசா கேக்கும் பழப்பிராந்தியுமாக நுழைந்து, என்னைக் கேட்காமலே வெப்பமூட்டியைத் திறந்துவிட்டார்கள். நான் கேட்ட தெற்குப் பக்க அறையை இயக்குநர் இன்னொருவனுக்குக் கொடுத்த நாளிலிருந்து எதிர்ப்பாக நான் வெப்பமூட்டியை மூடியே வைத்திருந்தேன். குளிர்காலம் முழுக்கக் கோட்டோடுதான் வேலை. அறை சூடேறியதும் பொர்பாலா என் மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர், அடியில கல்கண்டு மாதிரி கெடந்தது இப்பக் கரையுது. குளிர்ல மருந்தெல்லாம் கீழ உக்காந்துடுது. இத்தன வருஷமா மேல இருந்த தண்ணியத்தான் ஊத்தினீங்களா?"

பதினைந்து பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் அதிசயம். ஆக, நொதி தேவைதான். நீங்கள் சொன்னதே சரி. என் கோபம்தான் மருந்தை அடியில் படியவைத்திருக்கிறது. இதை எழுதும்போது மனம் லேசாக இருக்கிறது. அன்று கேக்கும் இரண்டு துண்டு அதிகமாகவே இறங்கியது. 24ஆம் தேதி மதிய ரயிலில் வருகிறேன். தோற்றவனுக்கு எந்த மூலையில் இடம் போட்டாலும் சரி.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்குக் கடவுள் துணை.

இப்படிக்கு,
ஏதன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பொர்பாலா புதுச் சோதனையின் செல் தட்டைக் கொண்டுவந்தாள். மருந்து முழுக்கக் கரைந்திருந்தது, அறையும் சூடுதான். அப்படியும், நொதி முடங்கியிருந்தும், பாதிச் செல்கள் அறுந்த இழையைத் தைத்துக்கொண்டு நிற்கின்றன. மேலே எழுதிய தோல்வி ரத்து. ரயில் ரத்தில்லை. என்னை உங்களுக்கு நேர் எதிரில் உட்காரவைக்கும்படி அக்காவிடம் சொல்லுங்கள்.